பெடல் ஸ்டீல் கிட்டார்: டிஜிட்டல் எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்?

பெடல் ஸ்டீல் என்பது படுக்கையாக வைத்து, இடது கையால் உலோகத் தண்டை (பார்) கம்பிகள் மேல் வழுக்கி, காலால் பெடல்களை மிதித்துச் சுருதி மாற்றி வாசிக்கும் கிட்டார். அதை வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 29 கிலோ வால்வு ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு அலைவதா, பழைய பீவி சாலிட் ஸ்டேட் (டிரான்சிஸ்டர்) ஆம்ப் ஒன்றைத் தேடிப் பிடிப்பதா, ஆம்ப்பின் ஒலியை டிஜிட்டலாகப் போலச் செய்யும் மாடலர் பெட்டி ஒன்றோடு முடித்துக்கொள்வதா? கீபோர்டுக்காரர்கள் நான்காவதாக ஒன்றைச் சேர்ப்பார்கள்: கருவியே எதற்கு, பதிவு செய்த ஸ்டீல் ஒலிகளைக் கீபோர்டில் வாசிக்கத் தரும் சாம்பிள் நூலகம் போதாதா?

எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தக் கருவியில் கோடு வால்யூம் பெடலில் விழுகிறது. கம்பி, பார், சேஞ்சர் (பெடல் மிதித்ததும் கம்பியின் சுருதியை மாற்றும் பொறி), பிக்கப், வால்யூம் பெடல் வரை இயந்திரமும் அனலாகும் இருக்கட்டும். அதற்கு அந்தப் பக்கம் டிஜிட்டல் தாராளமாக வரலாம். ஒலிப் பாதைக்கு வெளியே நிற்கும் ட்யூனர் டிஜிட்டலாகத்தான் இருக்க வேண்டும். இந்தக் கோட்டை மீறுவதற்கும் சில நேரம் நியாயம் உண்டு. எப்போது என்று கீழே பார்க்கலாம்.

## கருவி செய்யும் வேலை

நாஷ்வில் (அமெரிக்கக் கன்ட்ரி இசையின் மையமான ஊர்) ஈ9 ட்யூனிங்கில் 10 கம்பிகள். 1 முதல் 10 வரை: எஃப்#, டி#, ஜி#, ஈ, பி, ஜி#, எஃப்#, ஈ, டி, பி. ஈ-யை ச என்று வைத்துக்கொண்டால் 4, 5, 6 ஆகிய மூன்று கம்பிகளில் ச, ப, க3 கிடைக்கும். ஏ பெடலை மிதித்தால் 5, 10-ஆம் கம்பிகளின் ப, த2 ஆகிறது. பி பெடலை மிதித்தால் 3, 6-ஆம் கம்பிகளின் க3, ம1 ஆகிறது. ஈ கம்பி அசையாமல் நிற்கும். இரண்டையும் சேர்த்து மிதித்தால், ஒலித்துக்கொண்டிருக்கும் ஈ மேஜர் நம் காது கேட்கக் கேட்க ஏ மேஜராக உருகிவிடும்.

இதுதான் கருவியின் உயிர். சித்ரவீணையிலும் வழுக்கித்தான் வாசிக்கிறார்கள். ஆனால் அங்கே உருளை நகர்ந்தால் அது தொட்டிருக்கும் தந்திகள் எல்லாம் சேர்ந்தே நகரும். இங்கே ஒன்று நிற்க, ஒன்று அரை ஸ்வரம் ஏற, இன்னொன்று முழு ஸ்வரம் ஏறும். 1954-இல் வெளியான, கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் பதிவு ஒன்றில் ஸ்டீல் கலைஞர் பட் ஐசக்ஸ், கம்பி ஒலிக்கும்போதே பெடலை மிதித்துக் காட்டினார். நாஷ்வில் முழுக்க அதன் பின்னால் ஓடியது. அதற்கு முன்னும் பெடல்கள் இருந்தன. பெரும்பாலும் ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு ட்யூனிங்கை மாற்றத்தான் அவை பயன்பட்டன.

## எதை வைத்து எடை போடுவது

1. கம்பிக்குக் கம்பி தனி அசைவு. மேலே சொன்னதைச் செய்ய முடிகிறதா?
2. உடையாத ஒலி. வலது கால் எப்போதும் வால்யூம் பெடலில் இருக்கும். பாதி அளவில் வைத்து மீட்டி, ஒலி தேயத் தேய முன்னே தள்ளுவார்கள். ஆகவே ஆம்ப்புக்கு எப்போதும் நிறைய மிச்சம் இருக்க வேண்டும். சாதாரண கிட்டாரில் அழகாகத் தோன்றும் லேசான உடைசல், மூன்று கம்பிகள் சேர்ந்து ஒலிக்கும் ஸ்டீலில் கரகரப்பாகிவிடும்.
3. தாமதம். கம்பியைத் தொட்டதற்கும் காதில் விழுவதற்கும் இடையே எத்தனை மில்லி விநாடி?
4. சுருதி. மூன்றாம் ஸ்வரத்தைத் தூய்மையாக வைக்க வழி இருக்கிறதா?
5. சுமை, மின்சாரம், பழுது. வாங்கும் விலையைவிட இதில்தான் பணம் கரையும்.

## ட்யூனர்: விவாதமே இல்லாத முதல் செலவு

ஆம்ப்பைப் பற்றி யோசிக்கும் முன் ட்யூனரைப் பற்றி யோசியுங்கள். காரணம் கணக்கில் இருக்கிறது.

சமச் சுருதியில் (பியானோ போல எல்லா அரை ஸ்வரமும் சம அளவு) ஈ-க்கு மேல் ஜி# 400 சென்ட் (ஓர் அரை ஸ்வரம் 100 சென்ட்). தூய அந்தர காந்தாரம் (5/4) 386.3 சென்ட். வித்தியாசம் கிட்டத்தட்ட 14 சென்ட். ஃப்ரெட் போட்ட கிட்டாரில் இதைப் பொறுத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். ஸ்டீலில் ஒலி நீண்டு நிற்பதால் அந்த 14 சென்ட் அடிப்பாக, அதிர்வாகக் காதில் உறுத்தும். எனவே ஈ-யை 0 என்று வைத்தால் ஜி# −14, பி +2, பெடல் மிதித்த ஏ −2, பெடல் மிதித்த சி# −16 என்று கட்டுவதே தூய முறை.

எஃப்# கம்பியில் வம்பு தொடங்கும். ஈ-க்கு இரண்டாம் ஸ்வரமாக அது +4-இல் இருக்க வேண்டும். ஏ பெடல் மிதித்த சி#-க்குத் துணையாக ஒலிக்கும்போது −18-இல் இருக்க வேண்டும். இடைவெளி 21.5 சென்ட். எந்த ட்யூனரும் இதைத் தீர்க்காது. ஏ பெடலோடு எஃப்#-ஐயும் கொஞ்சம் இறக்கும் ஒரு கூடுதல் கம்பித்தண்டு போட வேண்டும், அல்லது நடுவில் ஓரிடத்தில் சமரசம் செய்ய வேண்டும். பியானோ உள்ள குழுவோடு வாசிப்பவர்கள் ஜி#-ஐயும் −14 வரை இறக்காமல் −8 அருகே நிறுத்துவது நல்லது.

ஊசி காட்டும் சாதாரண பெடல் ட்யூனர் 1 சென்ட் அளவில் துல்லியம்; தொடங்குபவருக்குப் போதும். பீட்டர்சன் ஸ்ட்ரோப் ட்யூனர்கள் 0.1 சென்ட் வரை காட்டும். ஈ9, ஸ்டீலின் இன்னொரு ட்யூனிங்கான சி6 இரண்டுக்கும் இந்த விலகல்களை முன்கூட்டியே பதித்து வைத்திருப்பதால், காட்சி நின்றால் சுருதி சேர்ந்தது என்று அர்த்தம், மனக்கணக்கு வேண்டாம்.

ட்யூனரால் இன்னொரு லாபம், பழைய கருவி வாங்கும்போது. 4-ஆம் கம்பி ஈ-யை நேராகச் சேர்த்து, அது ஒலிக்கும்போதே ஏ, பி பெடல்களை மிதியுங்கள். அந்தக் கம்பியைப் பெடல் எதுவும் தொடவில்லை. ஆனாலும் உடல் வளைவதால் சுருதி இறங்கும். 3 சென்டுக்குள் இறங்கினால் நல்ல கருவி. 5, 6 வரை சமாளிக்கலாம். 10-ஐ நெருங்கினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், இல்லையென்றால் நகர்ந்துவிடுங்கள். மென்பொருளால் இதைத் திருத்தவே முடியாது.

## வழி 1: வால்வு ஆம்ப்

ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப்தான் அளவுகோல்: 85 வாட், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர், ஸ்பிரிங் ரிவெர்ப். இதைவிடச் சின்ன 22 வாட் டீலக்ஸ் வகை வீட்டுக்குச் சரி. டிரம்ஸ் பக்கத்தில் உட்கார்ந்தால் வால்யூம் பெடலை முன்னே தள்ளும் முதல் ஸ்வெல்லிலேயே உடையும்.

ட்வினின் மறைசெலவு வால்வுகள். நான்கு 6எல்6, நான்கு 12ஏஎக்ஸ்7, இரண்டு 12ஏடி7. பவர் வால்வுகளை மாற்றினால் பயஸ் (வால்வின் ஓய்வு நிலை மின்னோட்டம்) சரிபார்க்க வேண்டும். அணைத்த பிறகும் உள்ளே பல நூறு வோல்ட் தேங்கி நிற்கும் என்பதால் அது கற்றுக்குட்டி வேலை அல்ல. எடை இன்னொரு செலவு. கருவியின் பெட்டியோடு சேர்த்தால் ஒரு நிகழ்ச்சிக்கு ஏற்றி இறக்குவது 50 கிலோவைத் தாண்டிவிடும்.

ஆம்ப் நகராத இடத்தில் (ஸ்டுடியோ, வீட்டில் பதிவு அறை) இதுவே முதல் தேர்வு. வால்யூம் பெடல் மேலே போகும்போது ஒலி பெரிதாவது மட்டுமல்ல, கொஞ்சம் தடிக்கவும் செய்யும். அந்தத் தடிப்பு காலின் அசைவோடு ஒட்டிப் போவது வாசிப்பவருக்கு உடனே தெரியும்.

## வழி 2: சாலிட் ஸ்டேட்

1974-இல் பீவி செஷன் 400 வந்தபோது ஸ்டீல் வாசிப்பவர்கள் கூட்டமாக வால்வை விட்டு நகர்ந்தார்கள். 200 வாட், 15 அங்குல ஸ்பீக்கர், உடையாத ஒலி. பிறகு வந்த நாஷ்வில் 400-இல் நடு அலைவரிசையை நகர்த்திக் குறைக்கும் குமிழ் இருந்தது. அதை 800 ஹெர்ட்ஸில் நிறுத்தி இறக்குவது இன்றும் வழக்கம். ஸ்டீலின் மூக்கடைப்பு ஒலி அந்த இடத்தில்தான் குவிகிறது. மாடலர் வாங்குபவரும் இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

சிறியது வேண்டுமென்றால் 80 வாட், 12 அங்குல நாஷ்வில் 112. பழையது நல்ல நிலையில் கிடைத்தால், கொடுத்த காசுக்கு இதை மிஞ்சியது இல்லை என்றே சொல்வோம். குயில்ட்டர் போன்ற புதிய இலகு ஆம்ப்கள் கிளாஸ் டி வகை. அவற்றையும் டிஜிட்டல் கணக்கில் சேர்த்துவிடுவார்கள், தவறு: பவர் பகுதி வேகமாகத் திறந்து மூடுகிறதே தவிர, ஒலி எண்ணாக மாறுவதில்லை.

மறைசெலவு: 1970, 80-களின் ஆம்ப் என்றால் மின்தேக்கிகள் காய்ந்திருக்கும், வாங்கியதும் மாற்றுவதற்குப் பணம் ஒதுக்குங்கள். அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், பிரிட்டன் எங்கும் 230 வோல்ட் என்பதால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்: 200 வாட் ஆம்ப்புக்குக் குறைந்தது 500 விஏ, எர்த் இணைப்பு தொடர்ச்சியாக இருக்கும் வகை. நம் 50 ஹெர்ட்ஸில் உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் கூடவே சூடாகும், காற்றோட்டத்தை மறைக்காதீர்கள். டொராண்டோக்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

## வழி 3: மாடலர்

டிஜிட்டல் ஸ்டீலுக்குள் வந்தது மாடலரோடு அல்ல. 1980-களிலேயே பாஸ் நிறுவனத்தின் டிலே, ரிவெர்ப் பெடல்கள் ஸ்டீல் வாசிப்பவர்களின் காலடிக்கு வந்துவிட்டன. டிடி-3, ஆர்வி-3 இன்றும் பலரிடம் இருக்கின்றன. லைன் 6 பாட் 1998-இல் வந்தது. பிறகு ஃப்ராக்டல், கெம்ப்பர், ஹீலிக்ஸ், குவாட் கார்டெக்ஸ். 2019-இல் ஃபெண்டரே ட்வினை டோன் மாஸ்டர் என்று டிஜிட்டலாகச் செய்தது: 29 கிலோ 15 ஆனது, சத்தத்தை 1 வாட் அளவுவரை இறக்கும் சுவிட்ச் வந்தது, மைக் இல்லாமல் நேரே மிக்சருக்குப் போகும் எக்ஸ்எல்ஆர் வெளியீடும் வந்தது. மெனுவில் நுழையப் பிடிக்காதவருக்கு டோன் மாஸ்டர் நல்ல நடுவழி.

முழு மாடலர் வாங்குபவர்கள் ஏமாறும் இடங்கள் எல்லாம் ஒன்றே: பெட்டி ஆறு கம்பிக் கிட்டாருக்காகச் செய்யப்பட்டது. தொழிற்சாலை ஒலிகளை அப்படியே போட்டால் ஸ்டீல் தகரமாகத்தான் கேட்கும். இந்த வரிசையில் போங்கள்:

வால்யூம் பெடல் மாடலருக்கு முன்னால். ஸ்டீல் பிக்கப் பெரும்பாலும் 17 முதல் 20 கிலோ ஓம்; சாதாரண ஒற்றைச் சுருள் கிட்டார் பிக்கப் 6 முதல் 8. சூடான சிக்னல் முழுதாக உள்ளீட்டில் மோதினால் மீட்டலின் முனை கத்தரிக்கப்படும், அந்த டிஜிட்டல் உடைசலுக்கு மன்னிப்பே கிடையாது. பெடல் முன்னால் இருந்தால் மீட்டும் நொடியில் சிக்னல் பாதிதான் போகும். இன்னொரு பலன்: பெடலை இறக்கினாலும் ரிவெர்ப் வால் இயல்பாகத் தேய்ந்து முடியும். பெடல் பின்னால் இருந்தால் வாலும் சேர்ந்து வெட்டுப்படும். மாடலரோடு வரும் எக்ஸ்பிரஷன் பெடலை இந்த வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். அது மிடி (இசைக் கருவிகள் கட்டளைகளை எண்களாகப் பரிமாறும் முறை) வழியாகப் பேசினால் முழு அசைவுக்கும் 128 படிகள்தான், மெதுவான ஸ்வெல்லில் படி தெரியும்.

பஃபர். வழக்கமான வால்யூம் பெடலில் 500 கிலோ ஓம் பாட் (அளவைக் கூட்டிக் குறைக்கும் மாறு மின்தடை) இருக்கும். பிக்கப்பின் மேல் அதன் பாரமும் கேபிளின் பாரமும் (மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட்) சேர்ந்து மேல் ஒலியைத் தின்றுவிடும். கருவிக்கும் பெடலுக்கும் இடையே ஒரு பஃபர் (பிக்கப்பின் மேல் பாரம் விழாமல் தாங்கும் சின்ன சர்க்யூட்) வைத்தால் தீரும். பாட் தேய்ந்து கரகரத்தால் மாற்ற வேண்டும். இன்ஃப்ராரெட் ஒளியால் இயங்கும் ஹில்ட்டன் வகையில் பாட் இல்லை, ஆனால் மின்சாரம் வேண்டும்.

நாய்ஸ் கேட்டை (ஒலி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் மூடிவிடும் வசதி) அணையுங்கள். ஆயத்த ஒலிகள் பலவற்றில் இது இயங்கிக்கொண்டே இருக்கும். ஸ்டீலின் கடைசி மூன்று விநாடித் தேய்வை அது சத்தம் என்று நினைத்து மூடிவிடும். "மாடலரில் ஒலி நீண்டு நிற்க மாட்டேன் என்கிறது" என்ற புகாருக்குப் பாதிக் காரணம் இதுதான். ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரஸரையும் முதலில் அணையுங்கள். கால் செய்யும் வேலையை அதுவும் செய்தால் இரண்டும் மல்லுக்கட்டும்.

அளவு. பெடலை முழுக்கத் தள்ளி, 10 கம்பிகளையும் ஓங்கி மீட்டுங்கள். உள்ளீட்டு மீட்டர் −6 டெசிபலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உள்ளீட்டைக் குறைக்கும் பேட் வசதியைப் போடுங்கள்.

ஆம்ப், கேபினட். ட்வின் வகை மாடல், வால்யூம் 3 அருகே, 800 ஹெர்ட்ஸில் 4 முதல் 6 டெசிபல் அகலமான இறக்கம். ஒற்றை 15 அங்குல ஸ்பீக்கரின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் (ஸ்பீக்கரின் ஒலிக் குணத்தைப் பதிந்த கோப்பு) கிடைத்தால் நல்லது. நீளம் 2048 சாம்பிள், அதாவது 48 கிலோ ஹெர்ட்ஸில் சுமார் 43 மில்லி விநாடி. முழு அலைவரிசை ஸ்பீக்கரில் வாசித்தால் பார் உரசலும் விரல் பிக்கின் கிளிக்கும் ட்வீட்டர் வழியே துருத்தும். 6 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டுங்கள். கீழே வெட்டும்போது கவனம்: ஈ9-இன் கடைசி பி 123 ஹெர்ட்ஸ், ஆகவே 80-இல் வெட்டலாம். சி6 கழுத்தில் கடைசிக் கம்பி 65 ஹெர்ட்ஸ், பெடல் அதை 55-க்கு இறக்கும். அங்கே 80-இல் வெட்டினால் அந்த உறுமல் காணாமல் போகும்.

டிலே. 350 மில்லி விநாடி, இரண்டு மூன்று முறை திரும்பினால் போதும், கலவை 15 முதல் 20 சதவீதம்.

தாமதத்தைப் பற்றிய பயம் ஸ்டீலில் கொஞ்சம் மிகை. மாடலர் ஒன்றின் தாமதம் சில மில்லி விநாடிதான். ஆம்ப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே ஒலி வந்துசேர 2.9 மில்லி விநாடி ஆகிறது. ஆனால் வயர்லெஸ், மாடலர், டிஜிட்டல் மிக்சர், காதில் மாட்டும் மானிட்டர் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தால் மொத்தம் 10-ஐத் தாண்டும். கணினிப் பிளக்-இன் என்றால் 48 கிலோ ஹெர்ட்ஸில், கணினி ஒலியைத் தேக்கி அனுப்பும் 128 சாம்பிள் பஃபருக்கு ஒரு பக்கம் 2.7, 256-க்கு 5.3, போக, வர, டிரைவர் எல்லாம் தனி. இங்கே ஃப்ரெட் இல்லை, பார் நிற்க வேண்டிய இடத்தைக் காது கேட்டுத்தான் கை திருத்துகிறது. காது பிந்தினால் கை துரத்திக்கொண்டே இருக்கும், வைப்ரேட்டோ அகலமாகிவிடும்.

மறைசெலவு பழுதில் இருக்கிறது. நெருக்கமான சர்க்யூட் போர்டில் ஒரு சில்லு போனால் ஊர் மெக்கானிக் கைவைக்க முடியாது. புது மாடல் வந்த மறுநாளே பழையதன் மறுவிற்பனை விலை சரியும். 1970-களின் பீவிக்கு அந்தத் திடீர்ச் சரிவு இல்லை.

## வழி 4: சாம்பிள் நூலகம்

நான்கில் முதலில் சொன்ன கோட்டை மீறும் ஒரே வழி இது. ஜிங்கிள், பின்னணி இசை, டெமோ என்று நான்கு பார் (நான்கு தாளச் சுற்று) ஸ்டீல் மட்டும் வேண்டும், வாசிப்பவரும் அருகில் இல்லை என்றால் நியாயம்தான். ஸ்டீல் ஒன்றைப் புதிதாக வாங்கச் சில ஆயிரம் டாலர் ஆகும். கையும் காலும் முழங்காலும் ஒத்துழைக்கச் சில ஆண்டுகள் ஆகும்.

சிக்கல் முதல் அளவுகோலில். மிடியில், சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சேனலுக்கு ஒன்றுதான். மூன்று ஸ்வரத்தை ஒரே சேனலில் பிடித்துச் சக்கரத்தைத் தள்ளினால் மூன்றும் சேர்ந்து ஏறும். கேட்டவுடன் "கீபோர்டு" என்று காட்டிக்கொடுப்பது ஒலியின் தரம் அல்ல, இந்த ஏற்றம்தான். தீர்வு: கம்பிக்கு ஒரு சேனல். 2018-இல் தரப்படுத்தப்பட்ட எம்பிஇ முறையும் லின்ஸ்ட்ரூமென்ட் போன்ற கருவிகளும் இதைத்தான் செய்கின்றன. அவை இல்லாமலும் கையால் செய்யலாம். ஈ மேஜரிலிருந்து ஏ மேஜருக்கு, பெண்ட் அளவு ±2 அரை ஸ்வரம், நடு மதிப்பு 8192 என்று வைத்தால்:

| கம்பி | தொடக்கம் | முடிவு |
|---|---|---|
| ஈ (4) | 8192 | 8192 |
| பி (5) → சி# | 8274 | 15728 |
| ஜி# (6) → ஏ | 7631 | 12206 |

முழுதாக 16383, 12288 என்று போடாததற்குக் காரணம் முன்பு சொன்ன தூய சுருதி. நூலகங்கள் சமச் சுருதியில் இருக்கும். இப்படி இழைத்தால்தான் இனிமை வரும். இரண்டு ஏற்றமும் ஒரே நொடியில் தொடங்க வேண்டாம்: பி பெடலை 30 மில்லி விநாடி பிந்த விடுங்கள், ஏற்றத்தை 100 முதல் 150 மில்லி விநாடிக்கு நீட்டுங்கள். வைப்ரேட்டோ மட்டும் மூன்று சேனலிலும் ஒன்றாக ஓட வேண்டும், ஏனென்றால் அது பாரின் அசைவு. ஸ்வெல்லுக்கு சிசி11 (மிடியில் ஒலியளவை ஏற்றி இறக்கும் கட்டளை), நிஜக் காலால். மவுஸால் வரைந்த வளைவு தேய்த்து மெழுகியது போல இருக்கும்.

மறைசெலவு நேரம். நான்கு பாரை இப்படிச் செதுக்க ஒரு மாலை போய்விடும். முழுப் பாட்டு என்றால் வாசிப்பவர் ஒருவரிடம் ட்ராக்கை அனுப்பி, தொலைவிலிருந்தே பதிவு செய்து வாங்குவது மலிவு. நாஷ்வில் செஷன் கலைஞர்கள் பலர் இன்று அப்படித்தான் வேலை செய்கிறார்கள்.

## இரண்டு இடைவழிகள், சுருக்கமாக

நிஜ ஸ்டீலில் மிடி பிக்கப் போடலாம். 1980-களிலேயே கனடாவின் ஐவிஎல் நிறுவனம் ஸ்டீல்ரைடர் என்று ஒன்று செய்தது. ஸ்டீலின் ஒலியால் ஸ்ட்ரிங்ஸ், ஆர்கன் எழுப்ப ஆசைப்படுபவருக்கு வேடிக்கை. வழுக்கும் ஸ்வரத்தை மென்பொருள் துரத்திப் பிடிப்பது கடினம் என்பதால் முக்கியக் கருவியாக்க முடியாது.

இயந்திர சேஞ்சருக்குப் பதில் ஒவ்வொரு கம்பியையும் டிஜிட்டலாக உயர்த்தினால் என்ன? ஆறு கம்பிக் கிட்டாரில் ரோலண்ட், வேரியாக்ஸ் வகைகள் ட்யூனிங்கை அப்படி மாற்றுகின்றன. ஸ்டீலில் 10 தனிப் பிக்கப், பக்கத்துக் கம்பியின் கசிவு, அமைதியான அறையில் கம்பியின் நிஜச் சுருதியும் சேர்ந்து கேட்பது என்று தடைகள். இன்னொன்றும் உண்டு: பெடலின் எதிர்ப்பைக் கால் உணர்ந்துதான் பாதி மிதிப்பில் நிறுத்துகிறது. ஒரு சுவிட்ச்சில் அது கிடைக்காது. சேஞ்சருக்குள் கணினி வந்தது உற்பத்தியில்தான்: பாகங்களைக் கணினி இயந்திரம் வெட்டுவதால் கம்பியை இழுக்கும் விரல் போன்ற பாகங்கள் ஒன்றுபோல் அமைகின்றன, பெடல் விட்டதும் கம்பி பழைய சுருதிக்கே சரியாகத் திரும்புகிறது.

## ஒரே பார்வையில்

| | வால்வு | சாலிட் ஸ்டேட் | மாடலர் | சாம்பிள் |
|---|---|---|---|---|
| கம்பிக்குத் தனி அசைவு | கருவி தருகிறது | கருவி தருகிறது | கருவி தருகிறது | சேனல் பிரித்தால் மட்டும் |
| உடையாத ஒலி | 85 வாட் அளவில் | மிக நன்று | உள்ளீட்டு அளவைப் பொறுத்தது | பிரச்சினை இல்லை |
| தாமதம் | இல்லை | இல்லை | சிறிது | கணினியைப் பொறுத்தது |
| தூய சுருதி | ட்யூனரால் | ட்யூனரால் | ட்யூனரால் | கையால் திருத்த வேண்டும் |
| சுமை | அதிகம் | நடுத்தரம் முதல் அதிகம் | குறைவு | இல்லை |
| பழுது | ஊரிலேயே முடியும் | ஊரிலேயே முடியும் | பெரும்பாலும் நிறுவனத்திடம் | மென்பொருள் பழையதாகும் |
| மறைசெலவு | வால்வு, பயஸ் | மின்தேக்கி, டிரான்ஸ்ஃபார்மர் | சரியும் மறுவிலை | நேரம் |

## யாருக்கு எது

வீட்டில் கற்றுக்கொள்பவர்: நல்ல ட்யூனர், பாட் உள்ள சாதாரண வால்யூம் பெடல், கிடைத்த சுத்தமான ஆம்ப் எதுவானாலும். ஹெட்ஃபோனில் மட்டும்தான் வாசிக்க முடியும் என்ற அடுக்குமாடிக்காரருக்குச் சின்ன மாடலர். கருவியின் விலையில் பாதியை ஆம்ப்பில் போட வேண்டிய கட்டம் இது அல்ல.

மேடைக்கு மேடை அலைபவர்: மிக்சருக்கு நேரே போகும் மாடலர், அல்லது டோன் மாஸ்டர். மாடலரை நம்பிப் போகும்போது 3-ஆம் கம்பிக்கான 0.011 அங்குலக் கம்பிகளோடு, நேரே மிக்சரில் செருக ஒரு டிஐ பெட்டியும் (கருவியின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றதாக மாற்றுவது) பையில் இருக்கட்டும். அந்த ஜி# கம்பிதான் அடிக்கடி அறும். பெட்டி உறைந்து நின்றால் டிஐ நிகழ்ச்சியைக் காப்பாற்றும்.

பதிவு அறை வைத்திருப்பவர்: வால்வு ஆம்ப் ஒன்று மைக்கோடு, கூடவே வால்யூம் பெடலுக்குப் பின்னால் பிரித்தெடுத்த உலர்ந்த (ஆம்ப், எஃபெக்ட் எதுவும் சேராத) சிக்னல் தனி ட்ராக்கில். பிறகு ஒலி பிடிக்காவிட்டால் உலர்ந்த ட்ராக்கை மாடலர் வழியே மறுபடி அனுப்பலாம். பெடலுக்கு முன்னால் பிரித்தால் காலின் ஏற்ற இறக்கம் அந்த ட்ராக்கில் இருக்காது, மறுபடி அனுப்பினாலும் வராது.

கீபோர்டில் இசையமைப்பவர்: எட்டு பாருக்குள் என்றால் சேனல் பிரித்த சாம்பிள், தனி வாசிப்பு என்றால் ஆளை அழையுங்கள். இரண்டையும் கலக்கும்போது சாம்பிளைப் பின்னால் நிற்கும் கார்டுகளுக்கு மட்டும் வைத்து, வழுக்கலும் பெடலும் தெரியும் வரிகளை நிஜக் கருவிக்கு விடுங்கள். நிஜ ஸ்டீல் 442-இல் கட்டியிருந்தால் சாம்பிளை 8 சென்ட் உயர்த்த மறக்காதீர்கள்.